வாய்தா கிடைத்த டிசம்பர்

நேற்று இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தோழி அழைத்தாள். பையன் விண்ணப்பம் போட்ட கல்லூரியிலிருந்து எர்லி ரிசல்ட் வந்துவிட்டதாம், டெஃபர் என்று போட்டிருக்கிறார்களாம், அப்படியென்றால் என்ன, இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது. பையன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறான், சாப்பிடவில்லை, அவள் கணவர் இந்த நேரத்தில் யார் யாரையோ எழுப்பி விவரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்கக் கேட்க, இரண்டு வருஷத்துக்கு முந்தைய எங்கள் வீடு அப்படியே கண்முன் வந்து நின்றது. ஒரு மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகும் சொல்லாமல் விட்டவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தபடி இருந்ததால் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த வாரம் இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் என் மகளை டெஃபர் செய்த, அதாவது முடிவு சொல்லாமல் தள்ளி வைத்த கல்லூரி மார்ச் கடைசியில் இல்லை என்று சொல்லிவிட்டது. டெஃபர் ஆனவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் முடிகிறது, கொஞ்சம் பேருக்கு இடம் கிடைக்கவும் செய்கிறது. கடைசியில் எப்படியோ கிடைத்துவிட்ட கதை என்று நினைத்து யாரும் இதைப் படிக்க வேண்டாம் என்பதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். ஆனால் டிசம்பர் 14-க்கும் ஜனவரி முதல் வாரத்துக்கும் நடுவில் நாங்கள் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் அவள் இன்றைக்கு எங்கே படிக்கிறாள் என்பதை முடிவு செய்தது.

இந்த ஊர் நடைமுறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்துக்குள் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுவார்கள், மார்ச் கடைசிக்குள் பதில் வரும், வழக்கமாக மே 1-க்குள் எங்கே சேர்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். இது ரெகுலர் டிசிஷன். இதற்கும் முன்னால், நவம்பர் 1 அல்லது 15-க்குள் போட்டுவிட்டு பெரும்பாலும் டிசம்பர் நடுவில் பதில் வாங்குவதுதான் எர்லி. அதிலும் இரண்டு வகை உண்டு. எர்லி ஆக்ஷனில் இடம் கிடைத்தாலும் அங்கேதான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எர்லி டிசிஷன் அப்படி இல்லை, ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும், கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும் என்று மாணவி, பெற்றோர், பள்ளியில் இதற்கு வழிகாட்டுகிற கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். என் மகள் போட்டது அதைத்தான். பதில் மூன்று விதமாக வரலாம்: எடுத்துக்கொண்டோம், இல்லை, அல்லது டெஃபர். டெஃபர் என்றால் இப்போது முடிவு சொல்லவில்லை, உன் விண்ணப்பத்தை ரெகுலரில் வருகிறவர்களோடு சேர்த்து மறுபடி பார்க்கிறோம் என்று பொருள். வெயிட்லிஸ்ட் என்பது வேறு, அது எல்லா முடிவும் வந்த பிறகு, சேர வேண்டியவர்கள் வராமல் போனால் கூப்பிடுகிற வரிசை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு முதல் நாளே ஊரில் எல்லோருக்கும் தப்பாகச் சொல்லி வைத்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. மாலை ஏழு மணிக்கு போர்ட்டலில் முடிவு வரும் என்று முன்பே மெயில் வந்திருந்தது. என் அறையில் நான் மட்டும்தான் பார்ப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். நாங்கள் இருவரும் சின்னவனும் கீழே சமையலறையில் நின்றுகொண்டிருந்தோம், மூன்று பேரில் ஒருவரும் உட்காரவில்லை. இடம் கிடைத்தால் திரையில் வண்ணக் காகிதம் பறக்கும், பாட்டு வரும் என்று ஒரு மாதமாக அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து எந்தப் பாட்டும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்தாள், "இல்லைன்னும் சொல்லலை, ஆமான்னும் சொல்லலைம்மா" என்றாள், ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு மறுபடி மேலே போய்விட்டாள். அவளுக்குப் பிடிக்குமே என்று செய்த உருளைக்கிழங்கு வறுவல் அப்படியே ஆறிப்போனது.

இல்லை என்று வந்திருந்தால் அழுதிருப்பாள், நாங்களும் சமாதானம் சொல்லியிருப்போம். இதில் எதற்கு அழுவது, எதைச் சொல்லித் தேற்றுவது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் வீடியோவில் அம்மா வந்தாள், திருச்சியிலிருந்து. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தள்ளி வச்சிருக்காங்கன்னா வாய்தா போட்டிருக்காங்கன்னு சொல்லு" என்றாள். எங்கள் அப்பாவுக்கு ஒரு வயல் வழக்கு பல வருஷம் இழுத்தது. ஒவ்வொரு தடவையும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலையில் பஸ் ஏறிப் போவார், சாயந்திரம் வாய்தா என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார். "வாய்தா போட்டா கேஸு தோத்துப்போச்சுன்னா அர்த்தம்? உங்க தாத்தா இன்னைக்கு வாய்தான்னு வந்தா நாளைக்கு விடியக்காலைல வயலுக்குப் போயிருவாங்க கண்ணு. நாத்து நமக்காகக் காத்துக்கிட்டு நிக்காதுல்ல" என்று பேத்தியிடம் சொன்னாள். இவளுக்குப் பாதிதான் புரிந்தது. வாய்தா என்றால் என்ன என்று என்னைக் கேட்டாள், சொன்னேன், முந்தைய நாள் மாலைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் டெஃபர் என்று யாரும் சொல்லவில்லை, வாய்தா என்றே ஆகிவிட்டது.

அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. நான் 1998-இல் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் சீட் எடுத்தவள். கணக்குக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து நூறு, நுழைவுத் தேர்வுக்கு நூறு, ஆக முந்நூறுக்கு ஒரு கட்-ஆஃப். அரை மதிப்பெண் குறைந்தால் கல்லூரி மாறிவிடும். கொடுமைதான், ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு எண் இருந்தது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அந்த எண்ணைத் தேடினேன். கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதுகிற எஸ்.ஏ.டி. தேர்வு மார்க் போதவில்லையா, பதினோராம் வகுப்பில் வேதியியலில் வந்த பி-தான் காரணமா, இன்னொரு தடவை பரீட்சை எழுத வைத்திருக்க வேண்டுமா என்று நானும் கணவரும் இரண்டு ராத்திரி பேசினோம். பேசியது மாடியில் அவள் காதில் விழுந்திருக்கிறது. சனிக்கிழமை காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "அப்போ நான் கெமிஸ்ட்ரியில பி வாங்கினதாலதான்னு நீங்களும் நினைக்கிறீங்க, இல்லையா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம் தேடாமல் இருக்க நம்மால் முடியாது, அது எனக்குத் தெரியும், ஆனால் பிள்ளை இருக்கிற வீட்டில் வாய்விட்டுத் தேடாதீர்கள். காரை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசுங்கள்.

இத்தனைக்கும் காரணம் பல நேரம் விண்ணப்பத்துக்குள்ளே இருப்பதே இல்லை. நவம்பரில் வந்தவர்களை மட்டும் வைத்துக் கல்லூரி தன் முழு வகுப்பையும் நிரப்பிவிட முடியாது, ஜனவரியில் யார் யார் வருவார்கள் என்று அதற்கும் தெரியாது, பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாதி மதிப்பெண்ணும் அப்போது கையில் இல்லை. அதனால் நன்றாக இருக்கிறது, ஆனால் இப்போதே முடிவு சொல்ல வேண்டாம் என்று தோன்றுகிற விண்ணப்பங்களை ஒதுக்கி வைக்கிறார்கள். எவ்வளவு பேரை ஒதுக்கி வைப்பது என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதே 2023 டிசம்பரில் ஹார்வர்டுக்கு எர்லியில் 7,921 பேர் போட்டார்கள், 692 பேருக்கு இடம் கிடைத்தது, மீதிப் பேரில் மிகப் பெரும்பாலானவர்களை ஹார்வர்டு டெஃபர்தான் செய்தது. ஸ்டான்ஃபோர்டு நேர் எதிர், முடிந்த மட்டும் அப்போதே ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடும், டெஃபர் ஆகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆகவே ஹார்வர்டில் வருகிற டெஃபரையும் ஸ்டான்ஃபோர்டில் வருகிற டெஃபரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. உங்கள் பிள்ளை போட்ட கல்லூரி எந்த ரகம் என்று பார்த்துவிட்டு, அதற்குத் தக்கபடி நம்பிக்கை வையுங்கள்.

இப்போது நான் செய்த தவறு. வியாழக்கிழமை ராத்திரியே குடும்ப வாட்ஸாப் குழுவில் "வெயிட்டிங் லிஸ்ட்டாம்" என்று போட்டுவிட்டேன். விடிவதற்குள் கோயம்புத்தூர் அத்தை, பெங்களூர் சித்தப்பா, அவருடைய மருமகள் எல்லோரும் அவளுக்கே நேரடியாக ஆறுதல் அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் என்னிடம் வந்து, "இது என்னோட நியூஸ்ம்மா, நான் சொல்லியிருக்கணும்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன், பெற்ற பிள்ளையிடம் முழு வாக்கியமாக மன்னிப்புக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அந்த ஞாயிற்றுக்கிழமை மார்கழி பிறந்தது, பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனோம், அவள் வரவில்லை. பிரகாரத்தில் மூன்று பேர் ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். இனி யார் கேட்டாலும் "மார்ச்லதான் தெரியும்" என்று மட்டும் சொல்வது என்று அவளோடு பேசி முன்பே முடிவு செய்திருந்தோம். பொய்யும் இல்லை, அதற்கு மேல் பேச்சும் வளரவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பட்டியலில் இன்னும் ஏழு கல்லூரிகள் இருந்தன. எங்கள் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் நவம்பரிலேயே போட்டிருந்தாள், இந்த ஏழும் கேட்கிற கட்டுரைகளில் ஒரு வரிகூட எழுதவில்லை. எர்லியில் கிடைத்துவிடும், எதற்கு வீணாக எழுதுவது என்று அவளும் நினைத்தாள், அதைச் சரி என்று நானும் விட்டுவிட்டேன். டிசம்பர் 14-இலிருந்து எண்ணினால் ஜனவரி 1-க்குப் பதினெட்டு நாள். பள்ளி 22-ஆம் தேதியோடு விடுமுறை, கவுன்சிலரும் ஊருக்குப் போய்விடுவார், அதற்குள் எந்தெந்தக் கல்லூரிக்கு மதிப்பெண் பட்டியல் போக வேண்டும், ஆசிரியர் கடிதம் போக வேண்டும் என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். டெஃபர் வந்த வீட்டில் முதலில் செய்ய வேண்டியது இதுதான், கடிதமோ முறையீடோ எதுவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் காலையிலேயே கவுன்சிலருக்கு மெயில் போக வேண்டும். அவருக்கு அந்த வாரம் எத்தனை பிள்ளைகளின் மெயில் வரும் என்று நினைத்துப் பாருங்கள். தள்ளி வைத்த கல்லூரியைப் பற்றி மாய்ந்து மாய்ந்து யோசிப்பதிலேயே இந்த ஒரு வாரம் ஓடிப்போய்விடும், ஓடிப்போனால் மார்ச்சில் கையில் ஒன்றும் இருக்காது.

திங்கட்கிழமை ராத்திரி அவள் பட்டியலை எடுத்து ஏழு கல்லூரிகளை ஐந்தாக்கினாள். அடித்த இரண்டும் நான் சொல்லிச் சேர்த்த பெரிய பெயர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, போட்டுத்தான் பாரேன் என்றேன். "அங்கே போய் நான் என்ன செய்வேன்னு எழுதச் சொல்றாங்க, எனக்கு எழுத வரலைம்மா" என்றாள். சரி என்று விட்டேன். மீதி ஐந்தில் முதல் இரண்டு கட்டுரைகள் உயிரே இல்லாமல் வந்தன, எர்லிக்கு எழுதியதையே எடுத்துக் கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள் என்று படித்தவுடனே தெரிந்தது. அவள் இன்னும் அந்த ஒரே கல்லூரியில்தான் மனசை வைத்திருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை, அவள் அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து, "இதைப் படிக்கிறவங்களுக்கு நீ அவங்களை ரெண்டாவதா வெச்சிருக்கேன்னு தெரிஞ்சிடும்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

மூன்றாவது கட்டுரை ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே 1929-இல் தொடங்கிய ஒளியியல் கல்வி நிலையம் ஒன்று இருக்கிறது, பட்டியலில் அதைச் சேர்த்ததே இவளுடைய இயற்பியல் ஆசிரியர் சொல்லித்தான். எட்டாம் வகுப்பு விடுமுறையில் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை நடந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனம் 1992-இலிருந்து குறைந்த விலைக்குச் செய்துகொண்டிருக்கிறது என்று அங்கே யாரோ சொன்னதை இவள் பிடித்துக்கொண்டாள், விரல் நுனியில் வைத்தால் தெரியாத அளவு ஒரு துண்டு எப்படி ஒளியை வளைத்து அம்மாச்சிக்கு மறுபடி ஊசியில் நூல் கோக்க வைத்தது என்று திரும்பி வரும்போது விமானம் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். அதை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். எர்லிக்காக மூன்று மாதம் தேய்த்துத் தேய்த்து எழுதிய கட்டுரையில் அது இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், களைத்துப்போய், இனி எதையும் யாருக்காகவும் அழகாக எழுத முடியாது என்ற நிலையில் உட்கார்ந்து அதை எழுதினாள். நான் படித்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன், கண் கலங்கியதை அவள் பார்க்க வேண்டாம் என்று.

நடுவில் எர்லி டிசிஷன் 2 பற்றியும் பேச்சு வந்தது. டெஃபர் ஆனவுடன் பழைய ஒப்பந்தம் உங்களைக் கட்டாது, அதனால் இந்த இரண்டாவது சுற்றை வைத்திருக்கிற வேறு ஒரு கல்லூரிக்கு ஜனவரி தொடக்கத்தில் போடலாம், பிப்ரவரி நடுவில் பதில் வரும், கிடைத்தால் போயே ஆக வேண்டும். சிலருக்கு இது நல்ல வழி, இரண்டாவது கல்லூரியிலும் உண்மையாகவே ஆசை இருந்தால், பணமும் ஒத்துவந்தால். கல்லூரிகள் தங்கள் தளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று வைத்திருக்கின்றன, வருமானத்தைப் போட்டால் உத்தேசமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லும், அதைப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். நாங்கள் பார்த்தோம், நான்கு இடத்துக்கு நான்கு விதமாக வந்தது, உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்காமல் எங்களால் முடிவெடுக்க முடியாது என்று புரிந்தது, விட்டுவிட்டோம். அந்த வருஷம் அரசு கல்வி உதவிக்கு நிரப்புகிற ஃபாஃப்சா படிவம் வேறு டிசம்பர் கடைசியில்தான் திறந்தது, அதனால் உதவிக் கடிதங்கள் எல்லா இடத்திலும் தாமதமாகி, பல கல்லூரிகள் மே 1 கெடுவையே தள்ளி வைத்தன. டெஃபர் ஆன கோபத்தில், யாராவது ஒருவர் இப்போதே ஆம் சொன்னால் போதும் என்ற அவசரத்தில் மட்டும் இதைப் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இனி கடிதம். லெட்டர் ஆஃப் கன்டினியூட் இன்ட்ரஸ்ட் என்பார்கள், உங்கள் கல்லூரியில் எனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது, விண்ணப்பத்துக்குப் பிறகு நடந்தது இது என்று சொல்கிற கடிதம். முதலில் கல்லூரி என்ன கேட்கிறது என்று வரி விடாமல் படியுங்கள். சில இடங்களில் எதுவும் அனுப்பாதே என்றே சொல்லிவிடுவார்கள், அப்படியென்றால் அனுப்பக் கூடாது. சில இடங்களில் ஒரு படிவம் இருக்கும். எம்ஐடி எல்லா விண்ணப்பதாரர்களிடமும் பிப்ரவரியில் ஒரு படிவம் கேட்கும், முதல் பாதி மதிப்பெண்ணையும் புதிய விவரத்தையும் அதில்தான் நிரப்ப வேண்டும். எங்களுடையது ஒரு பக்கம் மட்டும் போர்ட்டலில் ஏற்றலாம், கூடுதல் பரிந்துரைக் கடிதம் வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

அந்த முதல் ராத்திரியே அவள் ஒன்று எழுதினாளாம், பிறகு சொன்னாள். முழுக்கக் கெஞ்சல். அனுப்பாமல் வைத்தது நல்லதாகப் போனது. ஜனவரி முதல் வாரத்தில் அவளுக்குத் தெரியாமல் நானும் ஒன்று எழுதி மெயிலில் அனுப்பினேன், ஆபீஸ் இங்கிலீஷில், அழகாக. படித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, ஆனா இது நீ" என்றாள். அத்தோடு நான் கையை எடுத்துவிட்டேன். பொங்கல் அன்றைக்கு, ஜனவரி 15, மார்ட்டின் லூதர் கிங் நாள் என்பதால் பள்ளியும் விடுமுறை, பொங்கல் சாப்பிட்ட பிறகு சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தாள். முந்நூறு வார்த்தை இருக்கும். மறுபடி பார்ப்பதற்கு நன்றி என்று ஒரு வரி. நவம்பருக்குப் பிறகு நடந்தது இரண்டே விஷயம், பள்ளி ஆய்வகத்தில் உடைந்து கிடந்த மூன்று நுண்ணோக்கிகளைச் சரிசெய்து இரண்டு ஜூனியர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தது, இயற்பியலில் அந்தக் காலாண்டு வந்த ஏ. அந்தக் கல்லூரியில் எந்த ஆய்வகத்தில் எதற்காக வேலை செய்ய ஆசை என்று ஒரு பத்தி. கடைசியில், இடம் கிடைத்தால் நிச்சயம் வருவேன் என்று ஒரு வாக்கியம். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதலாமா என்று அவளே அரை மணி நேரம் யோசித்தாள், ஏனென்றால் அதற்குள் ரோச்செஸ்டரிலும் மனசு கொஞ்சம் போயிருந்தது. அன்றைக்கு அது உண்மை என்பதால் எழுதினாள். உண்மை இல்லாவிட்டால் எழுதக் கூடாது, இரண்டு கல்லூரிக்கு எழுதவே கூடாது.

பழையதைத் திருப்பிச் சொல்லவில்லை, ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை, தன் பெயரில் தானே போர்ட்டலில் ஒரே தடவை ஏற்றினாள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. கணவரின் ஆபீஸில் அந்தக் கல்லூரியில் படித்த ஒருவர் இருந்தார், ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமா என்று கேட்டார், வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பெற்றோர் போன் போட்டுக் கேட்பது, நேரில் போய் நிற்பது, வாரத்துக்கு ஒரு மெயில் போடுவது இவற்றால் ஒரு நன்மையும் வருவதில்லை. ஒரு பிள்ளை தனக்காகத் தானே பேசுகிறாளா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள்.

அப்புறம் மதிப்பெண். ஜனவரி கடைசியில் பாதியாண்டு முடியும், கவுன்சிலர் மிட் இயர் ரிப்போர்ட் அனுப்புவார், மறுபடி பார்க்கும்போது அவர்கள் கையில் புதிதாக இருப்பது பெரும்பாலும் அது ஒன்றுதான். டிசம்பரில் மனசு விட்டுப்போய் ஜனவரிப் பரீட்சைகளைக் கோட்டை விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாக் கல்லூரிக்கும் அதே மதிப்பெண்தான் போகிறது. இவளும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தாள், பிறகு தானாகவே எழுந்தாள். நான் எழுப்பவில்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் போட்டேன்.

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ரட்கர்ஸில் கிடைத்துவிட்டது, அதுவே பெரிய நிம்மதி, இருபது நிமிட தூரத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவளுக்குத் தூக்கம் வந்தது. மார்ச்சில் ரோச்செஸ்டர் ஆம் என்றது, உதவித்தொகையோடு. அதற்கு அடுத்த வாரம் வாய்தா போட்ட கல்லூரி இல்லை என்றது. அப்போது அவள் பள்ளியில் இருந்தாள், "வரலைம்மா. இன்னைக்கு பிராக்டிஸ் இருக்கு, ஆறு மணிக்குக் கூப்பிட வா" என்று மெசேஜ் வந்தது. ஆறு மணிக்குப் போனேன். காரில் ஏறி, பையைப் பின்னால் போட்டுவிட்டு, பத்து நிமிடம் அழுதாள். நான் வண்டியை எடுக்காமல் நிறுத்தியே வைத்திருந்தேன். பிறகு பசிக்கிறது என்றாள், ஓக் ட்ரீ ரோட்டில் நிறுத்தி தோசை சாப்பிட்டோம். ராத்திரி அம்மாச்சிக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள், இந்தத் தடவை யாருக்கு முதலில் சொல்வது என்று அவளே தீர்மானித்தாள்.

இப்போது ரோச்செஸ்டரில் இரண்டாம் ஆண்டு. இன்னும் அந்த டிசம்பர் அவளுக்கு வலிக்கத்தான் செய்கிறது. போன வாரம்கூட, எர்லி ரிசல்ட் வரும் நேரமாயிற்றே, யாருக்காவது ஏதாவது வந்ததா என்று கேட்டாள்.

தோழியிடம் இன்று காலை மறுபடி பேசினேன். கவுன்சிலருக்குப் பையனே மெயில் எழுதிவிட்டானாம். சாயந்திரம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், அவனுக்குப் பிடித்த பருப்பு வடை செய்து எடுத்துக்கொண்டு. கல்லூரி பற்றி நானாக ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. அவனாகக் கேட்டால் வாய்தா கதையைச் சொல்வேன்.